மஞ்சப்பையைக் கவிழ்த்துக் கொட்டுங்கள்: உள்ளூர் டாக்டர் ஒருவர், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் என்று சர்க்கரைக்குக் காட்டுகிறவர்களுக்கு

சர்க்கரைக்கு மாதாமாதம் உள்ளூர் டாக்டர், நடுநடுவே சேலத்தில் பெரிய டாக்டர். ஏற்காடு, நாகலூர் பக்கமிருந்து இறங்கி வருகிறவர்களுக்கும் சரி, சேலத்துக்குள்ளேயே தெருமுனை கிளினிக்கையும் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரியையும் மாறி மாறிப் பார்க்கிறவர்களுக்கும் சரி, நடைமுறை இதுதான். இரண்டு டாக்டரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தால் ஏமாற்றம்தான். நடுவில் தூது போகிறவர் நோயாளி. இல்லையென்றால் கூட வரும் மகனோ மருமகளோ. அந்தத் தூதுவேலையைத் தப்பில்லாமல் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பை

வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். மஞ்சப்பையில் இருப்பது, ஃபிரிட்ஜ் மேல் இருப்பது, சாமி படத்துக்குப் பின்னால் சொருகியது, பர்ஸில் கிடக்கும் அரை அட்டை, ஒன்றும் விடக்கூடாது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் மூலப்பெயரைப் படியுங்கள். முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்று. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 500 மி.கி. காலை, இரவு. கிளிமிபிரைட் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை 1 மி.கி. காலை. நடுவில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனதில், கிளிமிபிரைட் 2, மெட்ஃபார்மின் 1000 இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரையைக் காலை, இரவு போடச் சொல்லி எழுதிவிட்டார்கள். பெயர் வேறு, நிறம் வேறு, ஆகவே இது புது மருந்து என்று எண்ணிப் பழசோடு சேர்த்துப் புதுசையும் விழுங்குகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 3000 மி.கி. வழக்கமாக 2000-க்கு மேல் போவதில்லை. கிளிமிபிரைட் 1 மி.கி. என்றிருந்தது 5 ஆகிவிட்டது. முதல் வாரம் வயிற்றுப்போக்கு, அடுத்த வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு ஜாக்கெட் நனைய வியர்வை, கை நடுக்கம். இது சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். ‘வயசாச்சு, பலவீனம்’ என்று ஹார்லிக்ஸ் கலக்கிக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள்.

பெயருக்குப் பின்னால் ‘எம் 2’, ‘ஜி 1’ என்று ஏதாவது ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் கூட்டு மாத்திரை. ‘எஸ்.ஆர்.’, ‘எக்ஸ்.ஆர்.’ என்றிருந்தால் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை. அதை உடைக்கவோ பொடி செய்யவோ கூடாது. ஒரே மூலப்பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுத் தனியே கட்டி, மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள். எதை நிறுத்துவது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

மூலப்பெயர் தெரிந்தால் காசும் மிச்சம். முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். விலை கணிசமாகக் குறையும்.

அடுத்து நோட்டு

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் 80 பக்க கோடு போட்ட நோட்டு போதும். முதல் பக்கத்தில் பெயர், வயது, எடை, சர்க்கரை வந்த வருடம், ஒத்துக்கொள்ளாத மருந்து, வேறு வியாதிகள், குடும்ப டாக்டரின் செல்போன் எண். இரண்டாம் பக்கம் முழுக்க மருந்துப் பட்டியல். ஒவ்வொரு மருந்துக்கும் ஐந்து விவரம்: மூலப்பெயர், மி.கி., எந்த வேளை, எதற்காக, எழுதியது யார். கடைசி விவரத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதுதான் முக்கியம்.

நிறுத்திய மருந்தின் மேல் ஒரு கோடு இழுத்து, தேதியும் காரணமும் எழுதுங்கள். ‘வீங்கியதால் நிறுத்தம்’, ‘கிட்னி வேலை குறைந்ததால் பாதியாக்கியது’ என்கிற மாதிரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து எறிந்தால், ஆறு மாதம் கழித்து வேறொரு டாக்டர் அதே மருந்தை மறுபடி எழுதுவார். மலையில் மழைக்காலத்தில் நோட்டு ஊறிப் போகும். பட்டியல் மாறும்போதெல்லாம் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எந்த மருந்து யார் பொறுப்பு

இருவர் கையில் இருக்கும் மருந்தை இருவரும் கூட்டுவார்கள், அல்லது இருவருமே தொடமாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் இன்சுலின் தொடங்குகிறார்கள், மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார்கள். நடுவில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 220-லேயே நிற்கிறது. உள்ளூர் டாக்டருக்கோ ‘அவர் ஆரம்பிச்சது, நாம எதுக்குக் கை வைக்கணும்’ என்ற தயக்கம். மூன்று மாதம் வீண். ஆகவே ஆஸ்பத்திரி அறையிலிருந்து எழுந்திருக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

இந்த மருந்தைக் கூட்டுவது, குறைப்பது யார்?
எந்த அளவுக்கு மேலே போனால், எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் உங்களிடம் திரும்ப வர வேண்டும்?
அடுத்த ரத்தப் பரிசோதனை எங்கே, எப்போது?

பதிலை நோட்டில் டாக்டர் கையாலேயே எழுதி வாங்கினால் இன்னும் நல்லது. ‘எங்க ஊரு டாக்டருக்கு ரெண்டு வரி எழுதிக் குடுங்க சார்’ என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்பவர்தான் குறைவு.

மாதாந்திரச் சர்க்கரை, ரத்த அழுத்தம், காய்ச்சல் சளி, பாதம் பார்ப்பது, வழக்கமான மாத்திரைகள், இவை குடும்ப டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இருப்பதுதான் நல்லது. கிட்னி வேலை குறைவது, மருந்து கூட்டியும் இறங்காத சர்க்கரை, அடிக்கடி தாழ்சர்க்கரை, கண் திரையில் ரத்தக்கசிவு, கர்ப்பம், ஆறாத புண், சின்ன வயதிலேயே வந்த சர்க்கரை, இவை சிறப்பு மருத்துவரின் வேலை.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பெரிய உதவிதான், சந்தேகமில்லை. ஆனால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அளவை மாற்றி எழுதியது ஊர் சுகாதார நிலையத்துப் பதிவேட்டுக்குத் தானாக வந்துவிடாது. அடுத்த மாதமும் பழைய மாத்திரையே வீடு தேடி வரும். அதனால் பெரியாஸ்பத்திரிச் சீட்டை மருந்து கொண்டுவருகிறவரிடம் காட்டினால் போதாது. ஒருமுறை நேரில் போய் அங்கிருக்கும் மருத்துவரிடமே காட்டி, பதிவை மாற்றச் சொல்ல வேண்டும். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதால் டாக்டர் பார்த்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் போங்கள்.

எதை, எப்போது பார்ப்பது

எச்.பி.ஏ.1சி, அதாவது மூன்று மாதச் சராசரி: கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கட்டுப்பாட்டில் இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பலருக்கும் 7-க்குக் கீழே என்பது இலக்கு. தள்ளாத வயது, இதய நோய், அடிக்கடி தாழ்சர்க்கரை என்றால் 8-க்குக் கீழே இருந்தாலே போதும் என்பார்கள். ஒரு டாக்டர் 7 என்று துரத்துவார், இன்னொருவர் 8 என்று விடுவார், நோயாளி நடுவில் குழம்புவார். ‘எனக்கு எவ்வளவு?’ என்று கேட்டு, அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ரத்தசோகை இருந்தால் இந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது. இரும்புச்சத்துக் குறைவில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மாறிக் காட்டும். காபித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஹீமோகுளோபினையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மாம்பழம். சித்திரை தொடங்கி ஆனி வரை சேலத்தில் மாம்பழம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆனியில் எடுத்த எச்.பி.ஏ.1சி அந்த மாதங்களின் கணக்கு. அதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னால், நிரந்தரமாக ஒரு மாத்திரையைக் கூட்டாமல் அடுத்த பரிசோதனை வரை பொறுப்பதா என்று அவர் யோசிக்க முடியும்.

வருடம் ஒருமுறை கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவு, கொழுப்பு, கண், பாதம். சிறுநீர் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 30-க்கு மேல் இருந்தால் கிட்னி லேசாகக் கசிகிறது என்று பொருள். ஆனால் காய்ச்சலிலும் நீர்க்கடுப்பிலும் தற்காலிகமாகக் கூடும். ஒரே பரிசோதனையில் பதற வேண்டாம், மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். கிட்னி வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் அளவை மறுபடி யோசிக்க வேண்டும், 30-க்குக் கீழே நிறுத்த வேண்டும். கிட்னி டாக்டர் பார்த்த ரிப்போர்ட் குடும்ப டாக்டர் கைக்கு வராமல் போவதால், இந்த இடத்தில்தான் பழைய அளவே வருடக்கணக்கில் ஓடுகிறது.

பாதத்தைப் பார்ப்பதென்றால் செருப்பைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்கைப் பார்த்து, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்ப்பது. தறிக்குழியில் வெறுங்காலோடு மிதிப்பலகை மிதிக்கிறவர்களும், பூட்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். உணர்ச்சி போன காலில் அட்டை கடித்தாலும் தெரியாது, பூட்ஸுக்குள் கல் உறுத்தினாலும் தெரியாது.

மலையிலிருந்து இறங்கும் நாள்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குச் சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதை மறந்துவிட்டு ‘வெறும் வயிற்றில் வாங்க’ என்று நகரத்து லேப் சொல்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஏழரைக்கே ராச்சோறு முடித்து, விடியலில் கிளம்பி, வரிசையில் நின்று ஒன்பதரைக்கு ரத்தம் கொடுத்தால் பதினாலு மணி நேரப் பட்டினி. எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். அதனால் முதல்நாள் ராச்சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிச் சாப்பிடுங்கள்.

காலை மாத்திரையையும் இன்சுலினையும் கையில் எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுக்கும் முன் போடாதீர்கள். இன்சுலினை வீட்டில் போட்டுவிட்டு, ‘இறங்கினதும் டிபன் சாப்பிட்டுக்கலாம்’ என்று பஸ் ஏறுவது பெரிய ஆபத்து. வளைவில் லாரி மாட்டிக்கொண்டால் நடுமலையில் தாழ்சர்க்கரை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடியோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். 70-க்குக் கீழே இறங்கினால், அல்லது அந்த அறிகுறி வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொருமுறை. தேறியதும் இட்லியோ பிஸ்கட்டோ ஏதாவது சாப்பிட வேண்டும்.

சாப்பிட்ட பின் எடுக்கும் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. அன்றைக்கு வழக்கமான மாத்திரையோடு வழக்கமான சாப்பாடு. டாக்டருக்குப் பயந்து ரெண்டே இட்லியோடு நிறுத்தினால் பொய்க்கணக்குத்தான் கிடைக்கும்.

இன்னொரு வழியும் உண்டு. எச்.பி.ஏ.1சி, கிரியேட்டினின் இரண்டுக்கும் பட்டினி தேவையில்லை. ஒரு வாரம் முன்பே உள்ளூரில் எடுத்து, ரிசல்ட்டோடு இறங்கினால், ‘டெஸ்ட் எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்க’ என்கிற இரண்டாவது பயணம் மிச்சம்.

கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் நாலு முதல் ஆறு மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். பைக்கில் வந்து அதே பைக்கில் மலையேறும் எண்ணம் வேண்டாம்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்

‘சர்க்கரை நோயாளி, மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ என்ற ஒரே வரிக் கடிதம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். குடும்ப டாக்டரிடம் இப்படிக் கேட்டு வாங்குங்கள்:

‘58 வயதுப் பெண். 9 ஆண்டாகச் சர்க்கரை, 4 ஆண்டாக ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின் 1000 காலை, இரவு, கிளிமிபிரைட் 2 காலை, டெல்மிசார்டன் 40, அடோர்வாஸ்டாடின் 10. எச்.பி.ஏ.1சி மார்ச்சில் 8.1, ஜூனில் 9.4. கிரியேட்டினின் 0.9. நான்கு கிலோ எடை குறைவு. மதியச் சாப்பாடு தவறும் நாளில் நடுக்கம், வியர்வை. கேள்வி: இன்சுலின் தொடங்கலாமா? தொடங்கினால் கிளிமிபிரைட்டை நிறுத்தவா? அளவை இங்கே நான் மாற்றிக்கொள்ளலாமா?’

ஒரு பத்தி, மூன்று கேள்வி. கேள்வி இருக்கிற கடிதத்துக்குத்தான் பதில் வரும்.

இன்சுலினும் ஊசியும்

இரண்டு இடத்தில் மருந்து வாங்குகிறவர்களுக்கு மிக ஆபத்தான குழப்பம் இதுதான். அரசு விநியோகத்தில் வரும் குப்பி பெரும்பாலும் ஒரு மி.லி.-க்கு 40 யூனிட். தனியாரில் எழுதும் பேனா, காட்ரிட்ஜ் 100 யூனிட். 100 யூனிட் குப்பியும் கடையில் கிடைக்கும். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி.

மாற்றி ஏற்றினால் என்ன ஆகும்? 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 25 யூனிட். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 10 கோடு வரை இழுத்தால் 4 யூனிட்தான். முதலாவதில் மயக்கம், இரண்டாவதில் ‘இன்சுலின் போட்டும் இறங்கலையே’ என்று அளவை ஏற்றிக்கொண்டே போவது. குப்பியில் இருக்கும் எண்ணையும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணையும் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேனா காட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சி எடுக்கவே கூடாது.

அரசு ஆஸ்பத்திரியிலிருந்து தனியாருக்கோ, அங்கிருந்து இங்கேயோ மாறும்போது வகையும் மாறலாம். பழைய வகைக் கலவை இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போட வேண்டும்; புது வகைக் கலவையைத் தட்டு முன்னால் வந்தபின் போடலாம். குப்பி மாறினால் ‘எத்தனை நிமிஷம் முன்னாடி?’ என்று கேளுங்கள்.

40 யூனிட் வகையில் 10 மி.லி. குப்பியில் 400 யூனிட். நாளைக்கு 30 யூனிட் என்றால் 13 நாள் வரும், மாதத்துக்கு மூன்று குப்பி. பிரித்த குப்பி நாலு வாரம்; பிரித்த தேதியை அதன் மேலேயே பேனாவால் எழுதுங்கள். பிரிக்காதது ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், ஃப்ரீசரை ஒட்டி வேண்டாம், உறைந்தது தூக்கிப்போடத்தான். ஏற்காட்டுக் குளிரில் பிரித்த குப்பி அலமாரியிலேயே இருக்கலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத வீடு என்றால் ஈரமணலில் வைத்த மண்சட்டி உதவும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம்

டிஸ்சார்ஜ் ஆன ஏழு நாளுக்குள் குடும்ப டாக்டரைப் பாருங்கள். சீட்டில் மூன்று பட்டியல் தெரிய வேண்டும்: புதிதாகச் சேர்த்தது, அளவு மாற்றியது, நிறுத்தியது. மூன்றாவது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. படுக்கையில் இருந்தபோது தொற்றுக்காகவோ ஸ்டீராய்டுக்காகவோ போட்ட இன்சுலின், காரணம் தீர்ந்தபின் அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை தாழும். ‘இது எதுவரைக்கும்?’ என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மூட்டுவலி ஊசியோ ஆஸ்துமா மாத்திரையோ (அதிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்) வேறு டாக்டரிடம் எடுத்தால் அதையும் நோட்டில் ஏற்றுங்கள். காசநோய் மாத்திரையும் அப்படியே. அதிலிருக்கும் ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும்.

வாந்தி பேதி வந்த நாளில் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது இந்தப் பக்கத்துப் பழக்கம். கஞ்சி குடிக்கலாம், ஆனால் ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து, சர்க்கரை சட்டென்று ஏறும் என்று தெரிந்து குடியுங்கள். அதைவிட முக்கியம்: உடம்பில் நீர் வற்றும்போது மெட்ஃபார்மின், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், சில பிரஷர் மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது என்று நல்லா இருக்கும்போதே குடும்ப டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலினை மட்டும் சாப்பிடவில்லை என்பதற்காக நீங்களாக நிறுத்தக் கூடாது. அளவு போனில் கேட்டுக் குறைக்கலாம். ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால், டாபாகிளிஃப்ளோசின் போடுகிறவர்கள் அதை அறுவை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம்.

கடிதம், நோட்டு எதுவும் பார்க்காமல் நேரே கிளம்ப வேண்டிய நேரங்களும் உண்டு. சர்க்கரை 300-க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இரைப்பு வருவது; சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் நினைவு தடுமாறுவது, நெஞ்சு அடைப்பு, ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கண் திடீரென்று இருட்டுவது, கால் புண் கறுத்து, நாற்றம், காய்ச்சல். மலைமேல் இருந்தால் 108-ஐ அழைத்து, ஏற்காடு அரசு ஆஸ்பத்திரியில் முதலுதவி பார்த்துக்கொண்டு கீழே இறங்குங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீரோ சர்க்கரையோ ஊற்ற வேண்டாம், புரையேறும். நோட்டின் பின் அட்டைக்குள் ஆதார் நகல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகல், கடைசி ஈ.சி.ஜி. மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி வைத்துவிட்டால், அவசரத்தில் தூக்குகிறவர் அந்த ஒரு நோட்டைத் தூக்கினால் போதும்.